நஞ்சில்லை என்று சொன்ன வாயு

உங்களில் ஆறு பேர் இந்த ஆண்டு காஸ் ஹீற்றர் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும், நான் ஏதாவது எழுதித் தந்தால் படிப்பீர்கள் என்றும் சொன்னார்கள். படிப்பீர்களோ தெரியாது. ஹீற்றரைக் கழற்றிப் பூட்டுவது பற்றி எழுதப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. என் காலத்தில் அது நாற்பத்தெட்டுப் பக்கம். இப்போது முந்நூறுக்கு மேல் என்கிறார்கள். அந்த முந்நூறிலும் இருக்காது என்று நான் அஞ்சுகிற ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது முப்பத்தொரு மாரிகள், அதாவது குளிர்காலங்கள். பார்த்த வீடுகள் எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. குறிப்புப் புத்தகங்கள் இருபத்தாறும் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. வேண்டுமானால் வந்து கூட்டிப் பாருங்கள். எதைக் கண்டாலும் எண்ணுவது எனக்கு ஒரு வியாதி என்பாள் என் மனைவி. இருக்கலாம். அந்த வியாதிதான் ஒரு முறை ஒரு தாயையும் பச்சைக் குழந்தையையும் காப்பாற்றியது. அவர்களை அந்த ஆபத்தில் கொண்டுபோய் விட்டவனும் நான்தான். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவனாவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பத்தொன்பது. எங்கள் கம்பனியில் முப்பத்திரண்டு வேலையாட்கள். தமிழன் நான் ஒருவன். சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. எங்கே ஒரு பிழை விட்டு, 'இவர்களை எடுத்தால் இப்படித்தான்' என்று சொல்லவைத்துவிடுவேனோ என்ற பயம் நாள் முழுவதும் இருக்கும். அதனால் மற்றவர்கள் ஒரு தரம் பார்ப்பதை நான் மூன்று தரம் பார்ப்பேன்.

அந்த ஏப்ரலில் டண்டினொங் புறநகரில் நேசன் என்பவரின் வீட்டுக்குப் போனேன். நேசன் கணக்காளர். மனைவி சாந்தி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. வாடகை வீடு, வீட்டுக்காரக் கிழவனும் மனைவியும் பின்வளவில் இன்னொரு சிறு வீட்டில் இருந்தார்கள். முன் அறையில் பழைய விறகடுப்புக் குழிக்குள் காஸ் ஹீற்றரைப் பொருத்தியிருந்தார்கள். எரிந்த புகை பழைய புகைபோக்கி வழியாக மேலே போகும். எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும் என்பதால் அறைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, நான்கு காற்றுத் துளைகள். வெளியே துளைபோட்ட செங்கல், உள்ளே வலைத்தகடு. வெளியே நான்கு, உள்ளே நான்கு என்று எண்ணி அட்டையில் எழுதினேன். ஹீற்றரில் ஒரு குறையும் இல்லை.

சாந்தி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, காஸ் நஞ்சு எண்டு சொல்லுகினம். பிள்ளை பிறக்கப்போற வீடு. பயமில்லையோ?"

"அது பழைய காஸ், தங்கச்சி. நிலக்கரியில இருந்து எடுத்தது. அது நஞ்சுதான். இப்ப வாறது கடலுக்கடியில இருந்து வாற காஸ். இதில நஞ்சில்லை. நீங்கள் நிம்மதியா இருங்கோ."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாதியை மட்டும் சொன்னேன். அந்த வாயு காற்றுக் குறைவாக எரிந்தால், எரிவதிலிருந்தே நஞ்சு பிறக்கும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் தேநீர் நன்றாக இருந்தது. அந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் பேசுவதும், ஒரு வீட்டில் என்னை அறிவாளியாகப் பார்ப்பதும் அதைவிட நன்றாக இருந்தது. நிம்மதி கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே நடு மாரியான ஜூலையில் நேசன் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து என்னையே அனுப்பும்படி கேட்டார்.

"அண்ணை, முன் அறை யன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணி ஓடுது. ஹீற்றருக்குள்ள எங்கயோ ஒழுகுது போல. சுவர் நனைஞ்சால் வீட்டுக்காரன் பேசுவான். ஏற்கெனவே சமையல் மணத்துக்கு ஒருக்கால் பேசிப்போட்டான்."

காலை பத்தேகாலுக்குப் போனேன். நேசன் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவர் சாந்தியின் மூத்த அக்கா, பூமணி. பிள்ளைப்பேறு பார்க்கப் பருத்தித்துறையிலிருந்து வந்தவர். அங்கே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். நடையிலேயே தெரிந்தது. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். ஹீற்றர் இருப்பது அந்த ஓர் அறையில்தான் என்பதால் தாயையும் பிள்ளையையும் அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள்.

"வாங்கோ தம்பி. குசினியில ஃபான் ஓடுது, நிப்பாட்டிப்போட்டு வாறன். அது போட்டால் ஒருத்தர் கதைக்கிறது மற்றவருக்குக் கேளாது."

அவர் அதை நிறுத்திவிட்டு வந்த பிறகுதான் அறைக்குள் போனேன். இனி நான் செய்ததைக் கவனியுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைப்பேற்று அறைக்குள் அந்நிய ஆண் போவதே இல்லை. போகவேண்டி வந்தால் தலையைக் குனிந்துகொள்வான். கதவைத் திறந்தே வைப்பான். எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கதவை அகலத் திறந்து வைத்தேன். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹீற்றரின் முன் முழங்காலில் இருந்தேன். தலை ஒரு தரமும் நிமிரவில்லை. தீக்குச்சியை ஏற்றி அணைத்து அதன் புகையை ஹீற்றரின் வாயில் பிடித்தேன். புகை உள்ளே போய் மேலே ஏறியது. சுவாலை நீலம். எங்கும் ஒழுக்கு இல்லை. ஹீற்றருக்குப் பக்கத்துக் கொடியில் குழந்தையின் ஈரத்துணிகள், பதினான்கு. கண்ணாடியில் தண்ணீர் ஓடுவதற்கு அந்தப் பதினான்கும் போதும் என்று எனக்குள் தீர்த்துவிட்டேன்.

"துணியை வேற அறையில காயப்போடுங்கோ அக்கா. ஹீற்றர் நல்லா இருக்கு."

"நல்லது தம்பி. போயிட்டு வாங்கோ."

தெருவில் நிறுத்தியிருந்த கம்பனி வானுக்குள் ஏறி இருந்து வேலைத்தாளை நிரப்பினேன். வெளியே காற்றுத்துளை எத்தனை என்ற கட்டம். கண்ணாடிக்கு வெளியே சுவரைப் பார்த்து எண்ணி, 4 என்று எழுதினேன். உள்ளே எத்தனை என்ற கட்டம். பேனா நின்றது. உள்ளே நான் எண்ணவில்லை. தலையை நிமிர்த்தியிருந்தால்தானே எண்ண.

ஏப்ரல் அட்டை மடியில் இருந்தது. அதில் என் கையெழுத்திலேயே 4 என்று இருந்தது. செங்கல் சுவரில் இருக்கிற துளை மூன்று மாதத்தில் எங்கே போகும்? எல்லோரும் பழைய அட்டையைப் பார்த்துத்தான் அந்தக் கட்டத்தை நிரப்புவார்கள். அதை யாரும் களவு என்று நினைப்பதில்லை. அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே பதினைந்து நிமிடம் பிந்திவிட்டேன். திரும்பிப் போவதென்றால் மறுபடியும் பிள்ளைப்பேற்று அறைக்குள் போகவேண்டும், அதுவும் ஒரு கணக்கு ஆசிரியையிடம் அனுமதி கேட்டு. உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எண்ணாத இடத்தில் எண்ணைப் போட என் கை வரவில்லை. என் முப்பத்தொரு மாரிகளில் நான் பெருமைப்படுவது எது என்று கேட்டால், அன்றைக்கு அந்த வானின் கதவைத் திரும்பவும் திறந்ததைத்தான் சொல்வேன்.

பூமணி அக்கா கதவைத் திறந்தபோது கையில் அகப்பை இருந்தது. குசினி ஃபான் திரும்பவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அப்போதுதான் முதலில் கேட்டேன். தகரக் கூரையில் மழை கொட்டுவது போல.

"என்ன தம்பி, வேலை ஆயுதம் ஏதும் விட்டிட்டீங்களோ?"

"இல்லை அக்கா. ஒண்டை எண்ண மறந்துபோனன்."

"எண்ணுறதுக்கோ வந்தனீங்கள்?"

முன் அறையின் கதவு இப்போது சாத்தியிருந்தது. தட்டிவிட்டு உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று இடத்தில் சுவரின் நிறத்துக்கே ஒத்த துணியில், உள்ளே பஞ்சு வைத்து, ஓரம் மடித்துத் தைத்த சிறு மெத்தைகள் வலைத்தகட்டை இறுக்கமாக மூடியிருந்தன. நான்காவது இருந்த இடத்தில் பிள்ளையார் படம் மாட்டியிருந்தது. உள்ளே: பூச்சியம்.

"அக்கா, இதுகளை ஆர் மூடினது?"

"நான்தான். பச்சை உடம்புக்காரி கிடக்கப்போற அறை. பனிக்காத்துப் பட்டுச் சன்னி கண்டால் ஆர் பொறுப்பு? வந்த அண்டைக்கே நாலையும் மூடிப்போட்டன்."

"மூடக்கூடாது அக்கா. நஞ்சு..."

அவர் அகப்பையைத் தாழ்த்தினார். வகுப்பில் ஒரு பிள்ளை விடையை மாற்றிச் சொன்னால் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தார்.

"இந்தக் காஸில நஞ்சில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? சாந்தி எனக்குக் கடிதத்திலயும் எழுதினவள். அதைக் கேட்டுத்தானே மூடினனான். நஞ்செண்டால் மூடுவனே?"

கட்டிலில் சாந்தி கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைப் பிடித்தபடி கிடந்தார். நான் கேட்பதற்கு முன்பே அக்கா சொன்னார்.

"அவளுக்குச் சமைக்கிற நேரத்தில தலையிடி. மல்லி மிளகு வறுக்கிற மணம் ஒத்துக்கொள்ளேல்லை. ஆனால் பிள்ளை தங்கம். ரெண்டு நாளா ஒரு சத்தமில்லை. பாலுக்குக்கூட நாங்கள்தான் எழுப்பவேணும். எழுப்பினாலும் எழும்பாது."

பிள்ளைக்குத் தொட்டிலாகத் துணி விரித்திருந்த பெட்டியருகே போனேன். பெட்டியில் கிடந்த குழந்தையின் முகம் சிவந்து, அழகாக, மிக நன்றாக இருந்தது. அந்தச் சிவப்பு இந்த நஞ்சின் அடையாளம் என்றும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

காரணம் முழுவதும் எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரன் சமையல் மணத்துக்குப் பேசியதால், மூடப்பட்ட ஒரு மீன்பொரியல் கடையிலிருந்து பெரிய ஃபான் ஒன்றை வாங்கி நேசன் குசினிச் சுவரில் பூட்டியிருந்தார். பத்தியச் சரக்கு வறுக்கும் நேரமெல்லாம் அது ஓடும். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு எங்கிருந்தாவது காற்று உள்ளே வரவேண்டும். நான்கு துளையும் அடைப்பு. மிச்சம் புகைபோக்கி ஒன்றுதான். அதனால் அது மேலிருந்து கீழே இழுத்தது. ஹீற்றரின் புகை முழுவதும் தாயும் பிள்ளையும் படுத்த அறைக்குள் வந்தது; யன்னலில் ஓடிய தண்ணீரும் அந்தப் புகையின் ஈரம்தான். நான் சோதித்தபோது மட்டும் ஃபான் நின்றிருந்தது, மரியாதை என்று நான் கதவையும் திறந்து வைத்திருந்தேன்.

இதையெல்லாம் அன்றைக்கு நான் ஆராயப் புறப்பட்டிருந்தால் அந்தப் பிள்ளை போயிருக்கும். முதலில் ஆட்கள் வெளியே, பிறகு காரணம். இதை ஒரு தரம் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹீற்றரின் காஸ் குழாயை மூடினேன். யன்னலைத் தள்ளித் திறந்தேன். பூமணி அக்கா ஓடிவந்து யன்னலைப் பிடித்தார்.

"உங்களுக்கென்ன விசரே? பன்னிரண்டு நாள் பிள்ளை. வெளியில எவ்வளவு குளிர் தெரியுமோ?"

"வெளியில கொண்டுபோகவேணும் அக்கா. இப்பவே."

"முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாமல் படி இறங்கமாட்டாள். காரணத்தைச் சொல்லுங்கோ, கேப்பம். ஏப்ரலில ஒண்டு சொன்னீங்கள். பத்து நிமிசத்துக்கு முன்னம் நல்லா இருக்கு எண்டீங்கள். இப்ப வேறொண்டு."

அவர் கேட்டது நியாயம். நான் விளக்கத் தொடங்கியிருந்தால் அவர் மறுகேள்வி கேட்டிருப்பார். அவர் படித்தவர், பொருத்தமான கேள்வியாகத்தான் இருந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தை அப்படியே கிடந்தது. அவரைத் தடுத்து நிற்பது குளிரோ, பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கோ அல்ல, நான் கொடுத்த வார்த்தை என்று எனக்குப் பட்டது. அதை நான்தான் எடுக்கவேண்டும்.

"அக்கா, நான் சொன்னது பிழை."

நான்கு சொல். 'ஆனால்' என்று ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து பிள்ளையைத் தூக்கித் தன் சேலைக்குள் பொதிந்தார். "சாந்தி, எழும்படி" என்றார்.

சாந்தியால் நிற்க முடியவில்லை. நான் தாங்கிப் பிடித்தேன். எந்தக் கூச்சமும் அப்போது என்னிடம் இருக்கவில்லை. பின்வளவுக்கு முப்பத்தாறு அடி. எங்கள் மணத்துக்கு மூக்கைப் பொத்துகிற அந்த வீட்டுக்காரிக் கிழவி கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் வெயில் விழுந்த தன் கண்ணாடி அறையில் பெரிய கதிரையைக் காட்டினாள். யன்னல்களைத் திறக்கச் சொன்னேன். திறந்துவிட்டு, சாந்தியின் தோளில் தன் கம்பளியைப் போட்டாள். அம்புலன்சுக்கு அவள்தான் தொலைபேசி எடுத்தாள். அது வர பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடமும் பூமணி அக்கா பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தபடி இருந்தார். ஒரு தரம் அது முகத்தைச் சுளித்தது. அவ்வளவுதான்.

தாயும் பிள்ளையும் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இரண்டாம் நாள் நேசன் தொலைபேசியில் பேசினார். "பயமில்லையாம் அண்ணை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் எண்டு டொக்ரர் சொன்னவர்..." என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டார்.

எங்கள் ஃபோர்மன் மோல்டா நாட்டுக்காரர், அதிகம் பேசமாட்டார். அறிக்கைத் தாளில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: கருவி, வீட்டில் இருப்போர், பணியாளர். அவர் விரலை நடுக்கட்டத்தில் வைத்தார். "துளையை மூடியவர்கள் அவர்கள். ஃபானைப் பூட்டியவர்களும் அவர்கள். இதில் குறி போட்டால் பொய் இல்லை" என்றார். எனக்கு உதவி செய்யத்தான் சொன்னார். ஒன்றரை வருட வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் பாதி உண்மை பேசி வந்த விளைவைப் பார்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு, ஏப்ரலில் நான் பாதி மட்டும் சொன்னதைக் கீழே இரண்டு வரியில் எழுதினேன். அவர் இரண்டு தரம் படித்தார். "கையெழுத்தைத் தெளிவாகப் போடு, மேலே போகிற தாள்" என்றார். மேலே போனது. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதுவும் என் அலுமாரியில் இருக்கிறது.

ஆறாம் நாள் ஹீற்றரைத் திரும்ப ஏற்றிக் கொடுக்க நானே போனேன். வேறு ஆளை அனுப்பலாம் என்றார்கள், நான் விடவில்லை. அதுவரை முன் அறைக்கு வைக்க என் வீட்டு மின்சார ஹீற்றரைக் கொடுத்திருந்தேன். குளிருகிற வீட்டை அப்படியே விட்டுவிட்டு வரவேண்டாம். ஆட்கள் குசினி அடுப்பைத் திறந்துவைத்துக் குளிர் காய்வார்கள்.

தாயையும் பிள்ளையையும் பின்னறையில் இருக்க வைத்துவிட்டு, பூமணி அக்கா என்னுடன் முன் அறைக்கு வந்தார். எல்லாவற்றையும் அவருக்குச் செய்து காட்டினேன். கதவைச் சாத்தி, மீன்கடை ஃபானைப் போட்டு, அவர் சாம்பிராணி போடும் தட்டையே புகையோடு வாங்கி, ஹீற்றரின் வாயில் பிடித்தேன். புகை உள்ளே போகாமல் எங்கள் முகத்துக்கே திரும்பியது. அவர் கதிரையில் ஏறித் தான் தைத்த மூன்று மெத்தைகளையும் தானே பிய்த்து எடுத்தார். நான்காவது பிள்ளையார் படத்துக்குப் பின்னால். அங்கே கை நின்றது.

"துடக்கு. நான் தொடமாட்டன்."

"எனக்குத் துடக்கில்லை அக்கா. நான் இறக்கிறன்."

படத்தை இறக்கி, பின்னால் இருந்த மெத்தையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஃபானைக் கழற்றி, அந்த ஓட்டைக்குப் பலகை அடித்தேன். சமைக்கும்போது குசினி யன்னலைத் திறக்கச் சொன்னேன். மணத்துக்கு வீட்டுக்காரி இனி ஒன்றும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் பூமணி அக்காவிடம் கொஞ்சம் இரசம் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். ஹீற்றரை ஏற்றி, கதவைச் சாத்திச் சோதித்தேன். புகை நேரே மேலே போனது.

"இப்ப உள்ளதைச் சொல்லுங்கோ தம்பி," என்றார். "இது நஞ்சோ, இல்லையோ?"

"காத்து வந்தால் இல்லை. காத்து வராட்டி நஞ்சு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது."

அவர் கையிலிருந்த நான்கு மெத்தைகளையும் பார்த்தார்.

"ஒரு வரிதானே. இதை அப்பவே சொல்லியிருந்தால், நான் இவ்வளவு தையல் போட்டிருக்கத் தேவையில்லை."

அந்த ஒரு வரியை அதன் பிறகு போன எந்த வீட்டிலும் நான் விடவில்லை. அதோடு இன்னொரு கேள்வியும்: இந்த மாரியில் இந்த அறையில் யார் படுக்கப் போகிறார்கள்?

பூமணி அக்கா பின்னறைக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஹீற்றர் எரிகிற அந்த அறையில், அதே பெட்டியில் கிடத்தினார். "நீங்கள் ஒரு மணித்தியாலம் இருந்து பாத்திட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். நான் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் மூச்சை எண்ணினேன். முதல் நிமிடம் நாற்பத்துநான்கு. இரண்டாவது நிமிடம் நாற்பத்தொன்று. மூன்றாவது நிமிடம் அது வாயைத் திறந்து அழத் தொடங்கிவிட்டது. என்னால் எண்ண முடியவில்லை.